கொதிப்பு அடங்கும்வரை

2018-ம் ஆண்டு மே மாதம். கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் கார், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஒரு கிராமத்தில் வழி கேட்பதற்காக நின்றது. காரில் வந்தவர்கள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ‘பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் இறங்கியிருக்கிறது’ என்ற வாட்ஸ்அப் செய்தி அப்போது வட மாவட்டங்கள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. சாக்லேட்டைப் பார்த்ததும் சந்தேகம். சந்தேகம் போன் வழியாக அடுத்த ஊருக்குப் போனது. கார் மறிக்கப்பட்டது, கூட்டம் கூடியது. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் கொலையைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. பிள்ளை பெற்றவர்கள், பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்கள். தன் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. சாட்சி பிறகுதான் வந்தது. பயந்துபோயிருந்த கண்ணுக்கு ஒரு பாட்டி நீட்டிய சாக்லேட்டே சாட்சியாகிவிட்டது. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். பயம் எந்த இடத்தில் கோபமாக மாறியது, கோபம் எந்த இடத்தில் கையில் கல்லைக் கொடுத்தது என்று அங்கிருந்த யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியுமா என்பது சந்தேகமே.

இப்படி ஒன்று நடந்து முடிந்ததும் நாம் எல்லோரும் சொல்கிற ஒரே வாக்கியம், ‘கொஞ்சம் யோசித்திருக்கலாமே’ என்பது. யோசித்திருக்கலாம்தான். ஆனால், அந்த நேரத்தில் மூளை யோசிப்பதற்கு இடம் கொடுக்கிறதா?

முந்திக்கொள்ளும் பாதை

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறிஞர் ஜோசப் லெடூ, பயம் மூளைக்குள் எப்படிப் பயணிக்கிறது என்று பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். கண்ணும் காதும் அனுப்பும் செய்தி மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற பகுதிக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று, அமிக்டலா என்ற சிறு பகுதிக்கு நேராகப் போகும் குறுக்குப் பாதை. மற்றொன்று, மூளையின் மேலுறைக்குப் போய், பார்த்தது என்ன, கேட்டது என்ன என்று அலசிவிட்டு அமிக்டலாவுக்கு வரும் சுற்றுப்பாதை. குறுக்குப் பாதையில் வரும் செய்தி அரைகுறையானது, ஆனால் வேகமானது. தரையில் நெளிந்து கிடப்பது கயிறா, பாம்பா என்று சுற்றுப்பாதை முடிவு செய்வதற்குள் கால் பின்னால் குதித்துவிடுகிறது. இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது.

இந்த வேகம் இல்லாமல் நம் முன்னோர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள். பயமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மருத்துவ ஆய்வுகளில் ‘எஸ்.எம்.’ என்ற எழுத்துகளால் மட்டுமே குறிப்பிடப்படும் ஓர் அமெரிக்கப் பெண் உயிருள்ள ஆதாரம். மிக அரிதான ஒரு மரபணு நோய் அவருடைய இரண்டு பக்க அமிக்டலாவையும் அழித்துவிட்டது. ஆய்வாளர்கள் அவரைச் செல்லப்பிராணிகள் விற்கும் கடைக்கு அழைத்துச் சென்றார்கள். பாம்பென்றால் பிடிக்காது என்று சொல்லி வந்தவர், பாம்பைக் கையில் எடுத்து ஆசையோடு தடவிப் பார்த்தார். கடிக்கக்கூடிய பெரிய பாம்புகளையும் தொட வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒருமுறை இரவில், பூங்காவில் ஒருவன் அவர் கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறான். அவர் பதறவே இல்லை. மறுநாளும் அதே பூங்கா வழியாக நடந்து போனார். 2011-ல் வெளியான இந்த ஆய்வைப் படிக்கும்போது பொறாமை வரவில்லை, அவருக்காக நமக்குத்தான் பயம் வருகிறது. இதைத் துணிச்சல் என்று எப்படிச் சொல்வது? எச்சரிக்கை மணியே இல்லாத வீட்டில் அவர் வாழ்ந்திருக்கிறார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதை அறியாமை என்றே வள்ளுவரும் கண்டார்.

உணர்ச்சி இல்லாத அறிவு

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டால் முடிவு தெளிவாக இருக்கும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். ‘எமோஷனலா பேசாதே, லாஜிக்கா பேசு’ என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். வீட்டிலும் சொல்கிறார்கள், பெண்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறார்கள். இந்த நம்பிக்கையைக் கலைத்துப்போட்ட ஒரு நோயாளியின் கதையை நரம்பியல் அறிஞர் அன்டோனியோ டமாசியோ 1994-ல் வெளியிட்ட தன் நூலில் எழுதினார்.

‘எலியட்’ என்ற புனைபெயரால் அறியப்படும் அந்த மனிதர் முப்பதுகளில் இருந்தவர். நல்ல வேலை, குடும்பம், மதிப்பு எல்லாம் இருந்தன. மூளையில் வளர்ந்த கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றியபோது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியில் சேதமடைந்த திசுவையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார். நினைவாற்றல், மொழி, கணக்கு, அறிவுத்திறன் சோதனை எல்லாவற்றிலும் முன்பு போலவே தேறினார். ஆனால், அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கச் சொன்னால், தேதி வாரியாக அடுக்கலாமா, பொருள் வாரியாக அடுக்கலாமா என்று யோசித்தே ஒரு பிற்பகல் முழுவதையும் கழித்துவிடுவார். வேலை போயிற்று. நண்பர்கள் எச்சரித்தும் கேட்காமல் தவறான ஆளோடு தொழிலில் இறங்கிச் சேமிப்பை இழந்தார். திருமணம் முறிந்தது. தன் சரிவை அவர் டமாசியோவிடம் விவரித்தபோது குரலில் வருத்தமோ கோபமோ துளியும் இல்லை, வேறு யாரோ ஒருவருக்கு நடந்ததைப் போலச் சொன்னார். டமாசியோவுக்குப் பொறி தட்டியது அங்கேதான். எலியட்டுக்கு எல்லாம் தெரிகிறது, எதுவும் உறைக்கவில்லை. இது வேண்டும், அது வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லாவிட்டால், எல்லா வழிகளும் ஒரே மாதிரி தட்டையாகத் தெரிகின்றன.

இதைச் சோதிக்க அயோவா பல்கலைக்கழகத்தில் டமாசியோவின் குழு ஒரு சீட்டாட்டம் அமைத்தது. நான்கு சீட்டுக்கட்டுகள். இரண்டில் பெரிய பரிசு வரும், அதைவிடப் பெரிய அபராதமும் வரும். மற்ற இரண்டில் சிறிய பரிசு, சிறிய அபராதம், கடைசிக் கணக்கில் லாபம். எது எந்தக் கட்டு என்று ஆடுபவருக்குத் தெரியாது. ஆடுபவர்களின் கையில் வியர்வையை அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். சாதாரண மனிதர்களுக்குச் சுமார் 10 சீட்டு ஆடியதுமே, மோசமான கட்டை நோக்கிக் கை நீளும்போது வியர்க்கத் தொடங்கியது. ‘ஏதோ சரியில்லை’ என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னது 50-வது சீட்டு வாக்கில். ஏன் சரியில்லை என்று பெரும்பாலானவர்கள் விளக்கியது 80-வது சீட்டு வாக்கில். எலியட் போன்ற மூளைச் சேதம் உள்ளவர்களுக்குக் கை வியர்க்கவே இல்லை. மோசமான கட்டு எது என்று புரிந்துகொண்ட சிலர்கூட, அதிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, வயிற்றில் ஏதோ பிசைகிறது என்று நாம் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது. அனுபவம் உடம்பில் எழுதிவைத்த குறிப்பு அது. அந்தக் குறிப்பை நமக்குப் பதிலாக வேறொருவர் எழுதத் தொடங்கும்போதுதான் ஆபத்து.

அரச வேடத்தில் கள்வர்

அடிப்படை உணர்ச்சிகள் எத்தனை? உளவியலாளர் பால் எக்மன் 1960-களின் கடைசியில் பப்புவா நியூகினி மலைகளில் வாழும் ஃபோரே மக்களிடம் முகபாவப் படங்களைக் காட்டி ஆராய்ந்து, மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு, வியப்பு என ஆறு என்றார். இப்படி எல்லா மனிதருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது, உணர்ச்சியை நம் பண்பாடும் மொழியும் சேர்ந்தே கட்டியெழுப்புகின்றன என்று இன்னோர் உளவியலாளரான லிசா ஃபெல்ட்மன் பாரெட் மறுக்கிறார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு என்கிறது. எக்மன் பட்டியலில் இல்லாத பெருமிதத்துக்கும் அங்கே இடம் உண்டு. எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறக்கிறது என்று தொல்காப்பியர் நந்நான்கு இடங்களைக் காட்டுவதுதான். அச்சம் பிறக்கும் இடங்களாக அவர் சொல்பவை: தெய்வம் போன்ற அணங்கு, விலங்கு, கள்வர், ஆளும் இறை.

கள்வருக்கும் பயப்படுகிறோம், அரசுக்கும் பயப்படுகிறோம். கள்வரே அரசின் வேடத்தில் வந்தால்? இன்று ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்ற பெயரில் நடப்பது அதுதான்.

முதலில் ஒரு போன். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, அல்லது உங்கள் ஆதார் எண்ணை வைத்துப் பண மோசடி நடந்திருக்கிறது என்பார்கள். அடுத்து வீடியோ கால். காக்கிச் சட்டை, பின்னால் காவல் நிலையம் போல ஓர் அறை, முத்திரை குத்திய கைது ஆணை. ‘கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் குற்றவாளிகள்.’ பல மணி நேரம், சில சமயம் பல நாட்கள் இப்படியே நீள்கிறது. கடைசியில், ‘உங்கள் பணத்தைச் சரிபார்க்க வேண்டும், இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், விசாரணை முடிந்ததும் திரும்பி வந்துவிடும்.’ ஏமாந்தவர்களில் மருத்துவர்கள், பேராசிரியர்கள், வங்கியிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் உண்டு. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்க வேண்டிய நிலை வந்தது. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது.

‘படித்தவர்கள்கூட இப்படியா?’ என்று கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இதில் தோற்பது படிப்பு இல்லை. பயம் என்பது உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும் இயல்புடையது. அந்தக் கும்பல் செய்வதெல்லாம் அதை இறங்கவிடாமல் பிடித்துவைப்பதுதான். கேமராவை அணைக்காதே என்பதும், மகனிடம் சொல்லாதே என்பதும் அதற்காகத்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து காலிங் பெல்லை அடித்தாலே பாதி மாயம் கலைந்துவிடும். ‘எதுக்கு சார் இவ்வளவு அவசரமா எஃப்டியை உடைக்கிறீங்க? பசங்களுக்குத் தெரியுமா?’ என்று வங்கி கவுன்ட்டரில் ஒருவர் கேட்டதால் சேமிப்பு தப்பியவர்கள் உண்டு. பயந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் புதிய தகவல் எதுவும் தேவைப்படவில்லை. பயப்படாத ஒரு மனிதர் பக்கத்தில் தேவைப்பட்டார்.

பயம் கூட்டத்தையும் கணக்குத் தவறவைக்கும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்தைத் தவிர்த்து காரில் நெடுந்தூரம் போனார்கள். விமானத்தைவிடச் சாலைதான் ஆபத்தானது. அடுத்த 12 மாதங்களில் இதனால் மட்டும் சாலை விபத்தில் கூடுதலாக இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர் என்று ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார்.

கோபத்துக்குச் சந்தேகமே வராது

பயந்தவரும் கோபப்பட்டவரும் ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை. ஜெனிஃபர் லெர்னரும் சக ஆய்வாளர்களும் செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில், பயத்தைத் தூண்டிவிடப்பட்டவர்கள் வருங்கால ஆபத்துகளை அதிகமாக மதிப்பிட்டார்கள். கோபத்தைத் தூண்டிவிடப்பட்டவர்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். பயம் ‘என்ன ஆகுமோ’ என்று கேட்கிறது. கோபமோ ‘எனக்குத் தெரியும், இவன்தான் காரணம்’ என்கிறது. கோபக்காரர் தன்னைக் குழப்பத்தில் இருப்பவராக உணர்வதே இல்லை. அந்த நேரத்தில்தான் தனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிவதாக அவர் நினைக்கிறார். கோபத்தை இவ்வளவு ஆபத்தாக்குவது அந்தத் தெளிவுதான்.

1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் நடந்ததைப் பாருங்கள். கடற்படை அதிகாரி கவாஸ் நானாவதியிடம் அவர் மனைவி, பிரேம் அஹுஜா என்பவரோடு தனக்கு உறவு இருப்பதை ஒப்புக்கொண்டார். நானாவதி வீட்டைச் சூறையாடவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு போய், ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்த சினிமாவுக்கு அவர்களை விட்டார். கப்பலுக்குப் போனார். இரவில் தனியாக வெளியூருக்குக் காரோட்ட வேண்டும் என்று காரணம் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கினார். அஹுஜாவை அலுவலகத்தில் தேடினார், இல்லை. வீட்டுக்குப் போனார். மாலை 4.20-க்கு அஹுஜா செத்துக் கிடந்தார். பிறகு நானாவதியே போலீஸில் சரணடைந்தார்.

ஜூரிகள் 8-க்கு 1 என்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். ஊர் மொத்தமும் அவர் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ‘திடீரென்று தூண்டப்பட்டதால் செய்துவிட்டார்’ என்ற வாதத்தை நீதிபதிகள் கடிகாரத்தை வைத்தே அளந்தார்கள். பிற்பகல் 1.30-க்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவருக்கு 4.20 வரை நிதானத்துக்குத் திரும்ப நேரம் இருந்தது என்பது அவர்கள் தீர்ப்பு.

சட்டப்படி அது சரி. ஆனால், அந்த மூன்று மணி நேரத்தில் நானாவதி தன் கோபத்தோடு தனியாகவே இருந்தார் என்பதும் உண்மை. நேரம் மட்டும் போதாது. அந்த நேரத்துக்குள் யாராவது குறுக்கே வர வேண்டும். ஆயுதம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

சோகத்தைப் பற்றிப் பேசும்போது அழுகையை மட்டும் நினைக்கிறோம், அது பணப்பையிலும் கைவைக்கிறது. லெர்னர் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், சோகமான படக்காட்சி பார்த்தவர்கள், அந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பொருளை விற்கக் குறைந்த விலை கேட்டார்கள், வாங்க அதிக விலை கொடுக்க முன்வந்தார்கள். இழந்தவர் மனம் கையில் இருப்பதைத் தள்ளிவிட்டுப் புதியதைத் தேடுகிறது. சாவு வீட்டில் காரியம் முடிவதற்குள் பத்திரத்தை நீட்டுபவர்களுக்கும், கணவரின் இன்ஷூரன்ஸ் பணம் வந்த வாரமே ‘நல்ல திட்டம்’ கொண்டுவருபவர்களுக்கும் இந்த ஆய்வு தெரியாது. ஆனால், மனசு தெரியும். ஓராண்டுக்குப் பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்று துக்க வீடுகளில் பெரியவர்கள் சொல்வதை நான் மூடநம்பிக்கையாகப் பார்ப்பதில்லை.

பூட்டு போட்ட பெட்டி

‘கோபத்தை அடக்கு’, ‘பயப்படாதே’, ‘தைரியமாக இரு’. இந்த அறிவுரைகளெல்லாம் கொதிக்கிற நேரத்தில் காதில் ஏறுவதில்லை. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது மனிதரைத் திருத்த முயல்வதைவிட, அந்த உச்சத்துக்கும் கைக்கும் நடுவில் தூரத்தை வைப்பதுதான் உயிரைக் காக்கும். இதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது, தற்கொலைத் தடுப்பில்.

தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவர்களிடம் ஆஸ்திரியாவில் எடுக்கப்பட்டு 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேர், அந்த எண்ணம் தோன்றியதற்கும் முயற்சிக்கும் இடையே 10 நிமிடங்களோ அதற்கும் குறைவோதான் இருந்தது என்றார்கள். அந்த நேரத்தில் என்ன கைக்கெட்டுகிறது என்பதே பலருடைய விதியைத் தீர்மானிக்கிறது. நம் கிராமங்களில் அது பூச்சிமருந்து, வீட்டு மூலையிலேயே இருக்கும்.

சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சிநேகா’ அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் சக ஆய்வாளர்களும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் இரண்டு கிராமங்களில் ஓர் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொதுவான ஓரிடத்தில் பூட்டு போட்ட பெட்டிகளில் விவசாயிகள் வைத்துக்கொள்ளலாம். கேட்டு வாங்க அங்கே ஒரு பொறுப்பாளர் இருப்பார். ஆய்வு சிறியதுதான். ஆனாலும், விவசாயிகள் மனமுவந்து பயன்படுத்தினார்கள், அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்தன. பெட்டிவரைக்கும் நடக்க வேண்டும், யாரோ ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பல நேரம் அந்த நடையே போதுமானதாக இருந்திருக்கும்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது இலங்கை. 1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் உள்ள நாடுகளில் ஒன்று அது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 2015-க்குள் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவிகிதம் குறைந்தது. விளைச்சல் சரியவில்லை. போரும் சுனாமியும் வறுமையும் இருந்த அதே நாட்டில், அதே துயரங்களோடு, ஆயிரமாயிரம் பேர் உயிரோடு இருக்கிறார்கள்.

(மனம் தாங்காத நேரத்தில் பேசுவதற்கு: தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி-மானஸ் 14416, சிநேகா 044-24640050.)

தேடிப் பார்த்தால் இப்படிப்பட்ட பூட்டுகள் வேறு இடங்களிலும் உண்டு. 2018-ல் கும்பல் கொலைகள் நாடு முழுக்க நடந்தபின், வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து கேட்டாலும் இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது. சேர்ந்து வாழ வழியே இல்லாதவர்களை அது வதைக்கக் கூடாது என்பதால், நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நியாயமே. அவசரத்தில் கையெழுத்திட்ட இன்ஷூரன்ஸ் பாலிசியை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

பணப் பரிமாற்றத்தில்தான் இந்தப் பூட்டு போதுமான அளவு வரவில்லை. எழுபது வயதுக்காரர் முப்பது ஆண்டுச் சேமிப்பை உடைத்து, இதுவரை ஒரு ரூபாய்கூட அனுப்பியிராத புதிய கணக்குக்கு மாற்றும்போது, அது ஏன் நொடியில் போய்ச் சேர வேண்டும்? சில மணி நேரம் நிறுத்திவைத்து, வீட்டில் ஒருவருக்குத் தகவல் சொல்லும் வசதியை, விரும்பும் ஒவ்வொரு மூத்த குடிமகனுக்கும் வங்கிகள் கேட்காமலே தர வேண்டும். வணிகத்துக்கு வேகம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பயந்துபோன ஒரு மனிதருக்கு அந்த வேகம் எதிரி.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்பா, அம்மாவிடம் இன்றே சொல்லிவையுங்கள்: போலீஸ், சிபிஐ, கோர்ட் என்று யார் போனில் மிரட்டினாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள், நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, திட்ட மாட்டேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கட்டாயம் சொல்லுங்கள். ஏமாந்தது தெரிந்த பிறகும் பிள்ளைகள் திட்டுவார்களே என்ற கூச்சத்தில் பலர் நாள் கணக்கில் வாய் திறப்பதில்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்குள் அழைத்தால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.